பூசலார் கோயிலும் புயல் தாங்கும் வீடும்

பெரியபுராணத்தில் கட்டடம் எழுப்பிய அடியார்களின் கதைகளில் பூசலார் கதை தனி ரகம். திருநின்றவூரில் இருந்த அவருக்குச் சிவனுக்கு ஒரு கோயில் கட்ட ஆசை. கையில் காசு இல்லை; தேடி அலைந்த இடங்களிலும் கிடைக்கவில்லை. ஆகவே மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்தார், தச்சரை அழைத்தார், நல்ல நாள் பார்த்துக் கால்கோள் செய்தார், சிகரம் வைத்தார், கிணறும் குளமும் வெட்டினார், குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளைத்தான் பல்லவ மன்னன் காஞ்சியில் தான் எழுப்பிய கற்றளிக்குக் குறித்திருந்தான். மன்னன் கனவில் இறைவன் தோன்றி, அன்று தான் பூசலார் கோயிலுக்குப் போகவேண்டியிருப்பதால் அவனுடைய விழாவைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னார். எண்ணத்தின் தூய்மைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் நம் இலக்கியத்தில் இல்லை. ஆனால் இந்தக் கதை செல்லுபடியாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கோயிலில் குடியேறவேண்டியவர் இறைவன். அவர் மழையில் நனைய மாட்டார். குடியேறவேண்டியது மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பமாக இருந்தால் பூசலாரின் கோயில் ஒரு கார்த்திகை மாதத்தைத் தாங்காது. இறைவனுக்கு மனக்கோயில் போதும், மனிதனுக்கு மனவீடு போதாது. சமய நம்பிக்கையோடு ஏழைக்கு வீடு கட்டப் போகிற ஒவ்வொருவரும் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளவேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

கடல் கடந்து போய் முன்பின் தெரியாத ஒருவருக்கு வீடு கட்டித் தருவது இன்று உலகெங்கும் தேவாலயங்கள் நடத்துகிற ஒரு பக்திப் பயணம். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து சொந்தப் பணத்தில் டிக்கெட் எடுத்து வருகிறார்கள்; ஒன்றிரண்டு வாரம் செங்கல் சுமக்கிறார்கள், கலவை குழைக்கிறார்கள், ஜெபம் செய்து விடைபெறுகிறார்கள். இவ்வகையில் மிகவும் பெயர் பெற்ற அமைப்பு ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி. மில்லர்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதி 1976இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய இந்த அமைப்பு 1983இல் இந்தியாவுக்கு வந்தது. 2006 அக்டோபரில் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தம் மனைவியோடு வந்து, மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவுக்கு அருகே தொண்டர்களோடு சேர்ந்து சுத்தியல் பிடித்தார். அந்தத் திட்டம் 100 வீடுகளுக்கானது. படங்கள் உலகம் முழுக்கப் போயின. ஆனால் இந்த அமைப்பின் மூலக் கருத்து பயணம் அல்ல. கிளாரன்ஸ் ஜோர்டான் என்ற பாப்டிஸ்ட் போதகரின் கொய்னோனியா பண்ணையில் 1968இல் பிறந்த யோசனை வேறு: ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே என்ற விவிலியக் கட்டளையை அப்படியே எடுத்துக்கொள்வது, லாபமும் வட்டியும் இல்லாமல் வீட்டை விற்பது, வாங்குபவர் தவணையில் திருப்பிக் கட்டும் பணத்தில் அடுத்த வீட்டைக் கட்டுவது, அவரும் தம் உழைப்பைப் போடுவது. வெளியூர்த் தொண்டர் அதில் ஒரு துணைக் கை. பிற்காலத்தில் துணைக் கையே படத்தின் நடுவுக்கு வந்துவிட்டது. மையத்தில் இருந்திருக்கவேண்டியவர் கடனைக் கட்டி முடிக்கும் வீட்டுக்காரர்.

இதை எந்த மண்ணில் வைத்து அளப்பது? விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையிலுள்ள வல்லம் ஒன்றியத்தை எடுத்துக்கொள்வோம். கரும்புத் தோகையும் பனையோலையும் தென்னங்கீற்றும் வேய்ந்த குடிசைகள் இன்னும் தொலையாத பகுதி இது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பழைய தென்னார்க்காட்டுக் கூரைகளைப் பிய்த்துப் போட்டது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறி நகராமல் நின்றது. பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. மண்சுவர் ஊறினால் முதலில் அடிப்பகுதி கரையும். பிறகு சுவரும் கூரையும் சேர்ந்து ஒரு பக்கமாக உட்கார்ந்துவிடும். அந்த இரவில் எவருடைய எண்ணம் எவ்வளவு தூய்மையானது என்ற கேள்விக்கு இடமே இல்லை. கூரை நின்றதா, பட்டா யார் பெயரில் இருக்கிறது, இடம் மேடா பள்ளமா, வாசற்படி தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்பவைதான் கேள்விகள். இதே பழைய தென்னார்க்காட்டில், திருக்கோவிலூர்ப் பக்கம், ஜம்பைக் குன்றில் அதியமான் நெடுமான் அஞ்சி துறவிகளுக்கு உறைவிடம் ஈந்ததைச் சொல்லும் தமிழ்-பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. ஈந்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. தங்கியவர் பெயர் இல்லை. துறவிக்கு அது குறையாகாது. படுக்க ஒரு பாறை இருந்தால் அவருக்குப் போதும். குடும்பத்துக்கு அடுப்பு வேண்டும், ஆடு கட்ட இடம் வேண்டும், ரேஷன் கார்டில் எழுத ஒரு கதவெண் வேண்டும். துறவிக்குக் கொடுத்த மனநிலையோடே குடும்பஸ்தனுக்கும் கொடுக்கும்போது கணக்கு தவறுகிறது.

ஒரு சின்ன வீடு எழும்பும் விதத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். செங்கல்லைத் தொட்டியில் ஊறப்போடாமல் வைத்தால் அது கலவையிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், சுவர் பிடிக்காது. கொத்தனார் இரண்டு மூலையிலும் கல் வைத்து நூல் கட்டுகிறார், தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கிறார், ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று கவனிக்கிறார், கரணையின் பிடியால் கல்லை ஒரு தட்டுத் தட்டி அமர்த்துகிறார். அந்த ஒரு தட்டுக்குப் பின்னால் பத்து வருடப் பழக்கம் இருக்கிறது. கலவைப் பாண்டைத் தலையில் வைத்து ஆடும் பலகை மேல் நடந்து வரும் சித்தாள் பெண்ணின் கழுத்துக்கும் அதே அளவு பழக்கம் உண்டு. பிறகு கூரை. சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்ட மறுநாள் தளத்தின் மேல் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். ஏழு நாளாவது கட்டாயம் வேண்டும். பதினான்கு நாள் நின்றால் கூரைக்கு ஆயுசு கெட்டி. வெயிலில் பாத்தி காய்ந்தால் காலையும் மாலையும் குடத்தில் கொண்டுபோய் ஊற்றவேண்டும். இரண்டு வாரத்துக்கு வந்த குழு கூரை போட்ட கையோடு விமானம் ஏறியிருக்கும். கூரையைக் கூரையாக்குகிற வேலை அதற்குப் பிறகுதான் நடக்கிறது. அதைச் செய்கிறவர் இடுப்பில் குடத்தோடு ஏணி ஏறும் அந்த வீட்டுப் பெண். புகைப்படத்தில் அவர் ஓரத்தில் நின்றிருப்பார்.

காசுக் கணக்கும் இதையே சொல்கிறது. ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்குத் தமிழக அரசு ஒதுக்குவது 3.50 லட்சம் ரூபாய். வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவருடைய விமானம், விசா, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் குறைத்து வைத்து ஒரு லட்சம் என்று கொண்டாலும், பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு லட்சம். மூன்று வீட்டுப் பணம் அங்கேயே போய்விடுகிறது. அவர்கள் இங்கே வந்து செய்வது சித்தாள் வேலை. அந்த வேலைக்கு ஆள் கிடைக்காத ஊரா இது? விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறவர்கள் ஏராளம். கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கட்டிச் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்களும் உண்டு. அவர்களும் கடல் கடந்து போய் முகம் தெரியாதவர்களுக்கு வீடு கட்டுகிறவர்கள்தான். அவர்களை யாரும் தொண்டர் என்பதில்லை, அவர்கள் திரும்பிவரும்போது சபையில் நிறுத்திச் சாட்சி சொல்லச் சொல்வதில்லை. கூலி வாங்கிக்கொண்டு கட்டியவன் வீடும் காசு கொடுத்து வந்து கட்டியவன் வீடும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், குடியிருப்பவருக்கு உறுதியான வீடு முன்னவனுடையதாகத்தான் இருக்கும். அப்படியானால் பின்னவனுடைய புண்ணியம் எங்கே இருக்கிறது? அது வீட்டில் இல்லை, அவனுக்குள்ளே இருக்கிறது. பூசலார் கணக்கில் வரவு வைக்கவேண்டியதை வீட்டுக்காரர் கணக்கில் எழுதுவதுதான் இந்தப் பயணங்களின் அடிப்படைப் பிழை.

இதற்கு முதல் மறுப்பு நியாயமானது. நேரில் வந்து பார்க்காதவன் பணம் அனுப்ப மாட்டான். குடிசைக்குள் குனிந்து நுழைந்து பார்த்தவன்தான் ஆயுள் முழுக்கக் கொடுப்பான். ஆகவே பயணச் செலவு வீணல்ல, அது விதைநெல் என்கிறார்கள். மனித மனம் அப்படித்தான் இயங்குகிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். கண்ணால் கண்டது காதால் கேட்டதைவிட நெஞ்சில் ஆழமாக இறங்கும். ஆனால் இந்த வாதம் நிரூபிப்பது என்ன? வருகிறவர் மாறுகிறார் என்பதைத்தான். அப்படி ஊர்விட்டு ஊர் போய் மனம் மாறி வருவதற்கு நம்மிடம் பழைய, கௌரவமான ஒரு சொல் இருக்கிறது: யாத்திரை. மேல்மலையனூருக்கு அமாவாசைக்குப் போகிறவர் அங்காளம்மனுக்கு உபகாரம் செய்துவிட்டு வந்தேன் என்று சொல்வதில்லை. தரிசனம் கிடைத்தது என்கிறார், பெற்றுக்கொண்டு திரும்புகிறார். வீடு கட்ட வருகிறவரும் பெற்றுக்கொள்ளவே வருகிறார் என்று ஒப்புக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். அப்போது விருந்து படைப்பவர் வல்லத்துக் குடிசைக்காரர், விருந்தாளி வந்தவர். நன்றி சொல்லவேண்டியவர் யார் என்பதும் தானாக மாறிவிடும். விருந்தாளிகளைப் பார்த்துக்கொள்ளச் செலவழிந்த நாட்களுக்கு அந்தக் குடும்பம் இழந்த கூலியும் கணக்கில் வரும்.

இரண்டாவது மறுப்பு நம் மரபிலிருந்தே வரும். உடலுழைப்பு வழிபாடு இல்லையா? அப்பர் உழவாரப்படையைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போகவில்லையா? போனார், அந்த உதாரணத்தை முழுதாகப் பார்க்கவேண்டும். பண்ருட்டிப் பக்கத்துத் திருவாமூரில் பிறந்த அவர் கல்வியில் பெரியவர், சமண மடத்தில் தலைமை வகித்தவர். சைவத்துக்குத் திரும்பியபின் அவர் கையில் எடுத்த கருவி புல் செதுக்குவது. திருவதிகையில் அவருடைய தமக்கை திலகவதியார் கோயிலைப் பெருக்கி மெழுகிக்கொண்டிருந்தார். தம்பி அந்த வழியைப் பின்பற்றினார். உடல் தொண்டுக்குத் தமிழ்ச் சைவம் தேர்ந்தெடுத்த முன்மாதிரி கோபுரம் எழுப்பிய மன்னன் அல்ல, பிராகாரத்தில் முளைத்த நெருஞ்சியைச் செதுக்கியவர். இதில் ஒரு கூரிய அறிவு இருக்கிறது. புல் செதுக்கத் தனித் திறமை வேண்டாம். தவறாகச் செய்தாலும் யார் தலையிலும் இடிந்து விழாது. யாருடைய கூலியும் போகாது. மறுபடி முளைக்கும் என்பதால் செய்தவர் பெயரைப் பொறிக்கவும் வழியில்லை. பெரியவர் தம்மைச் சிறிய வேலைக்குக் கீழே வைத்துக்கொண்டார். கட்டுமானம் தெரியாதவர் கரணையைப் பிடித்துச் சுவர் வைப்பது இதற்கு நேர் எதிர். அங்கே சிறியவர் பெரிய வேலையின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். உழவாரப் பணியின் பெயரால் வருகிறவர் மண் அள்ளட்டும், செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றட்டும், கொத்தனார் ‘தள்ளுங்க’ என்றால் தள்ளி நிற்கட்டும்.

வெளிநாடு போய் வீடு கட்டுவதைச் சரியாகச் செய்தவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியர் செரசோல், போரை மறுத்த கிறிஸ்தவர், 1920இல் வெர்டன் அருகே போரில் தரைமட்டமான எஸ்ன் கிராமத்தில் தோழர்களோடு தற்காலிகக் குடில்கள் கட்டினார். குழுவில் ஜெர்மானியரும் இருந்ததால் உள்ளூரில் எதிர்ப்பு கிளம்பியது. சில மாதங்களிலேயே குழு வெளியேறவேண்டியிருந்தது. எங்கள் நல்லெண்ணம் உங்களுக்குப் புரியவில்லை என்று அவர்கள் அங்கே உட்கார்ந்துகொள்ளவில்லை. அந்த முயற்சியிலிருந்து வளர்ந்த சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் அமைப்பு, கூலித் தொழிலாளியின் வேலையைத் தொண்டர் பறிக்கக் கூடாது என்பதைத் தன் கொள்கையாக்கிக்கொண்டது. 1934 ஜனவரி 15இல் பீகாரை நிலநடுக்கம் உலுக்கியது. தீண்டாமைப் பாவத்துக்கான தண்டனை அது என்று காந்தி அதே மாதம் திருநெல்வேலியில் பேசினார். தாகூர் கடுமையாக மறுத்தார். அந்த விவாதத்தில் யார் வென்றாலும் முசாபர்பூர் மாவட்டத்தில் ஒரு கூரைகூட எழும்பியிருக்காது. செரசோல் அங்கே வந்தார், ஒரு முறைக்கு மேல் வந்தார், சில தோழர்களோடு மாதக்கணக்கில் தங்கினார். வெள்ளம் தேங்கிய கிராமங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றிக் கட்டும் வேலையில் ராஜேந்திர பிரசாத் உள்ளிட்ட உள்ளூர்த் தலைவர்களோடு இணைந்து நின்றார். லாரி பேக்கர் அதற்கும் ஒரு படி மேலே போனார். குவேக்கர் சபையைச் சேர்ந்த இந்த ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் தொழுநோயாளருக்கான பணிக்காக 1945இல் இந்தியா வந்தார். கடைசிவரை இங்கேயே இருந்து, இந்தியக் குடிமகனாகவே 2007இல் திருவனந்தபுரத்தில் காலமானார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் வீடு கட்டவேண்டும் என்று காந்தி சொன்னதை வாழ்நாள் முழுவதும் பற்றிக்கொண்டவர் அவர். இருவரிடமும் பொதுவானது காலம். தங்கியவருக்குத்தான் தன் சுவரில் விழுந்த வெடிப்பைப் பார்க்கும் வாய்ப்பும், அதற்குப் பதில் சொல்லும் கடமையும் கிடைக்கும்.

மூன்றாவது மறுப்பு: பணத்தை மட்டும் அனுப்பினால் இடையில் கரைந்துவிடும், கட்டிக் கையில் கொடுத்தால்தான் நிச்சயம். அனுபவம் இதை ஆதரிக்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு சமய அமைப்புகள் உட்படப் பல நிறுவனங்கள் தமிழகக் கடலோரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டிக் கையில் கொடுத்தன. கூரை கிடைத்தது உண்மை. ஆனால் நாகப்பட்டினம் மாவட்ட மீனவக் குடியிருப்புகளை ஆராய்ந்த ஜெனிஃபர் டூயின் பாரன்ஸ்டைன், பழுதில்லாத பழைய வீடுகளும் புதியவற்றுக்காக இடிக்கப்பட்டதையும், நிழல் மரங்கள் வெட்டப்பட்டதையும், மீனவப் பெண்களின் புழக்கத்துக்குரிய வெளி சுருங்கியதையும் பதிவு செய்திருக்கிறார். கொடுப்பவர் மனத்திலிருந்த வீடு, வாங்குபவர் மண்ணில் இறங்கியதன் விளைவு இது. மறுபக்கம் இலங்கையைப் பார்க்கலாம். போருக்குப் பின் இந்திய அரசு அறிவித்த 50,000 வீட்டுத் திட்டத்தின் பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும் வீட்டுக்காரரே கட்டும் முறையில் நடந்தது. வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய், வேலையின் கட்டத்துக்கேற்பத் தவணையாகக் குடும்பத்தின் கணக்குக்குப் போனது. முன்பு சொன்ன ஹேபிடட் அமைப்பும் அதைச் செயல்படுத்திய அமைப்புகளில் ஒன்று. அங்கே அதன் பங்கு ஆலோசனையும் மேற்பார்வையும்தான். வீட்டைத் திட்டமிட்டதும் கொத்தனாரைப் பிடித்ததும் மணலுக்குப் பேரம் பேசியதும் குடும்பங்களே. ஒரு சமய அமைப்பு தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டபோது வேலை கெட்டுப்போகவில்லை.

கடைசி மறுப்புதான் வலுவானது. விழுப்புரம் மாவட்டத்தில் இருப்பவர் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. வெள்ளைக்காரத் தொண்டர், தலித் மக்கள் வாழும் காலனியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த வீட்டுச் சொம்பில் தண்ணீர் குடிக்கிறார்; ஊர்த்தெருக்காரர் பலர் அதைச் செய்வதில்லை. செங்கல் கோணலாக இருந்தால் என்ன, இந்த ஒரு வாய்த் தண்ணீர் வீட்டைவிடப் பெரிதில்லையா? பெரிதுதான். மதம் மாற்றத்தான் வருகிறார்கள் என்று கசந்து பேசுகிறவர்கள்கூட, அந்தச் சொம்பை நாம் ஏன் இத்தனை காலம் தொடவில்லை என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. வீட்டுக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மதத்தைப் பார்க்கிற எந்த அமைப்பும் தொண்டு என்ற பெயருக்கு அருகதையற்றது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் இந்த மறுப்பு வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆதரவாக எதையும் நிரூபிக்கவில்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்க விசா தேவையில்லை. திருக்குறள் ஈகைக்கு ஓர் அதிகாரம் வைத்தது; அதற்கு முன்னதாகவே ஒப்புரவுக்குத் தனியாக ஓர் அதிகாரம் வைத்தது. ஊருக்குக் குடிநீர் தரும் ஊருணி நிறைந்திருப்பதை அங்கே செல்வத்துக்கு உவமையாக்குகிறது. ஊருணி எங்கிருந்தோ வந்து கொடுத்துவிட்டுப் போவதில்லை. அது அங்கேயே கிடக்கிறது, எவர் குடத்தையும் ஏற்கிறது. பயணத் தொண்டு எவ்வளவு உயர்ந்தாலும் ஈகையோடு நின்றுவிடும். ஒப்புரவு பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமே கைகூடும்.

ஆகவே முடிவு இதுதான். கடல் கடந்து வீடு கட்ட வருவதைப் பாவம் என்று சொல்லக் காரணமில்லை; அதை யாத்திரையாகச் செய்யலாம், கொத்தனாருக்குக் கீழே நின்று செய்யலாம், ஒரு முறைக்கு மேல் வந்து செய்யலாம். அதை வீட்டுக்காரருக்குச் செய்த தானமாக எழுதிக்கொள்ள மட்டும் உரிமையில்லை. அந்தக் கணக்கு கூரையின் பெயரில் இருக்கிறது, எண்ணத்தின் பெயரில் அல்ல. உள்ளூர்க்காரருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் காலனியிலோ பக்கத்துத் தெருவிலோ அரசுத் திட்டத்தில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கலாம். கூரை போடும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று போகவேண்டாம், அன்றைக்கு ஆள் நிறைய இருக்கும். மறுநாள் மாலை ஒரு குடத்தோடு போங்கள். பாத்தியில் தண்ணீர் ஊற்றிவிட்டு, அந்த வீட்டுக்காரரிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். பதினான்கு நாள் போங்கள்.